நைரோபிக்காரரின் கேமரா

பிழைக்கப் போன குடும்பத்துப் பிள்ளை ஆப்பிரிக்காவைத் தன் நாடென்று படம் எடுக்கலாமா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பிறந்த மண்ணைப் படம் எடுக்க யாரிடம் விசா வாங்குவது?

பிரியா ராம்ரக்கா 1935-இல் நைரோபியில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். லாஸ் ஏஞ்சலிஸில் படித்துவிட்டு, ‘லைஃப்’, ‘டைம்’ இதழ்களுக்காக ஆப்பிரிக்காவுக்கே திரும்பினார். கென்யாவின் விடுதலைக் காலம் அவர் படச்சுருளில் இருக்கிறது. 1968 அக்டோபரில் நைஜீரியாவின் பியாஃப்ரா போர்முனையில் குண்டடிபட்டு இறந்தார். அவர் எடுத்த படங்கள் நாற்பது ஆண்டு நைரோபியில் ஒரு கார் ஷெட்டுக்குள் கிடந்தன! உறவினர் தேடி எடுத்ததால் உலகம் பார்த்தது.

எங்கள் ஊருக்கு அப்படி ஒருவர் வரமாட்டாரா?
– அதே வாசகர்

வருவானேன்? உள்ளூரிலேயே இருப்பார்.

தோல் ஆலைகளால் வந்த பாலாற்று மாசு 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போய்ப் பிரபலமானது. ஆனால் அந்த ஆலைகளில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்து இழுத்துக் கை வெந்துபோன தொழிலாளி, விடியுமுன் ஷூ கம்பெனி வேனுக்குச் சாப்பாட்டுப் பையோடு நிற்கும் பெண் – இவர்கள் முகம் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஸ்டுடியோக்காரர்களே, பழைய நெகட்டிவ்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.