மூச்சு முக்கியம்

கேள்வி: நீச்சல் தெரியாதவர் அந்தமானில் ஸ்கூபா டைவிங் செய்யலாமா?

பதில்: தாராளமாக! ஹேவ்லாக் தீவில் (2018 முதல் ஸ்வராஜ் த்வீப்) முதல்முறை இறங்குபவருக்கு நீச்சல் கட்டாயமில்லை. பயிற்சியாளர் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட்டிப்போவார். ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது. காது அடைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது. வாயில் குழாய் இருப்பதால் ஒரு வார்த்தை பேச முடியாது. நம்மவர்களுக்கு அதுதான் பெரிய சோதனை.

அங்கே கடல்சாமந்திக்குள் ஒளிந்து எட்டிப் பார்க்கும் கோமாளி மீன், பிறக்கும்போது ஆண். கூட்டத்துப் பெண் மீன் இறந்தால், பெரிய ஆணே பெண்ணாகிவிடும்!

பழகியவர்களுக்கு டிக்சன்ஸ் பின்னக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்ற முங்கும் இடங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 30 மீட்டர் ஆழம்.

முங்கிய கையோடு விமானம் ஏறக் கூடாது. ஒருமுறை முங்கினால் 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ரிட்டர்ன் டிக்கெட்டைப் பார்த்துப் போடுங்கள்.