டில்லிக் கணப்பு

லெஸ்டரில் நவம்பர் பிறந்துவிட்டால் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்படி ஒரு இருட்டில்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலாக ஓர் அட்டைப்பெட்டியை நீட்டினார். குப்பையில் போட மனசு வரவில்லையாம், எனக்கு வேண்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். எங்கள் தோட்டத்துக் கொட்டகையைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பெட்டிக்குள் ஒரு பித்தளைத் தொட்டி, பக்கவாட்டில் பம்ப், நடுவில் ஒரு தண்டு, தண்டின் உச்சியில் தாம்பாளம் போல ஒரு வட்டத் தட்டு. ஒற்றைக்காலில் நிற்கும் சூரியகாந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் எரியும் பழைய அறைக் கணப்பு. ராத்திரி அம்மாவுக்கு வாட்ஸப்பில் காட்டினேன்.

"என்னடா அது?"

"ஹீட்டர்மா. டில்லி ஹீட்டர்."

"டில்லியிலேர்ந்து லண்டனுக்கு ஏண்டா வரவழைச்சே? அங்கேயே குளிரும், அவாளுக்கே வேணுமே."

லெஸ்டர் லண்டன் இல்லை என்பதை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டில்லி என்பது ஊர் இல்லை, கம்பெனி என்று சொல்ல மேலும் பத்து நிமிஷம் ஆயிற்று. 1915 முதல் வடக்கு லண்டனில் ஹெண்டன் பக்கம் பட்டறை போட்டிருந்த கம்பெனி. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் எரிந்தது இவர்கள் விளக்கு. நாம் காற்றடிக்கிற விளக்கையெல்லாம் பெட்ரோமாக்ஸ் என்கிற மாதிரி, இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு அதெல்லாமே டில்லி லாம்ப். நல்லவேளையாக இந்தக் கணப்பில் மேண்டில் கிடையாது. 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் மேண்டில் நொறுங்குவதைப் பார்த்த தலைமுறைக்கு அதைத் தொட்டால் கை நடுங்கும்.

"பாத்திரம் எங்கே வைக்கறது?" என்றாள் அம்மா.

"பாத்திரம் வைக்க முடியாது. சூடு பக்கவாட்டில்தான் வரும்."

"அப்போ எதுக்கு அது?" என்று போனை வைத்துவிட்டாள்.

கும்பகோணத்துக்காரனுக்குக் கறுத்துப்போன பித்தளையைப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. விவரம் தெரிந்தவர்கள் இதற்கென்று டப்பாவில் விற்கிற பாலீஷைத் தேடிப் போவார்கள். நான் எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்து உப்பைப் போட்டுத் தேய்த்தேன். அந்தப் பக்கம் வந்த மனைவி, "சாம்பாருக்கு வச்சிருந்த புளி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு வெறும் பருப்பும் அப்பளமும்தான். ஆனால் தொட்டி பொன்னாக மின்னியது. அதில் என் முகம் தெரிந்தது, வீங்கிப்போய்.

மினுக்கியாகிவிட்டது, இனி எரிய வேண்டும். இதன் சூட்சுமம் நம் பம்ப் ஸ்டவ்வினுடையதேதான். ஸ்டாக்ஹோமில் 1892-ல் லிண்ட்குவிஸ்ட் என்பவர் தொடங்கிவைத்த பிரைமஸ் ஸ்டவ்வின் வம்சம் எல்லாமே. தொட்டிக்குள் காற்றை அடைத்தால் அது எண்ணெயை மேலே தள்ளும். சூடான குழாயில் எண்ணெய் ஆவியாகி, மயிரிழைத் துளை வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறும். வருகிற வேகத்தில் காற்றையும் இழுத்துக்கொண்டு நீலமாக எரியும். திரி கிடையாது, புகை கிடையாது. சத்தம் மட்டும் உண்டு.

பம்பை அடித்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழவழவென்று போயிற்று. காற்றே பிடிக்கவில்லை. கழற்றினால், முனையில் இருந்த தோல் வாஷர் காய்ந்த வடுமாங்காய் மாதிரி சுருங்கிக் கிடந்தது.

இதற்கு மருந்து எனக்கே தெரியும். கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமைதோறும் சைக்கிளில் வரும் ஸ்டவ் ரிப்பேர்க்காரர் வாஷரைத் தேங்காய் எண்ணெயில் முக்கி, விரலால் ஓரத்தைக் குடை மாதிரி விரித்து மாட்டுவார். அப்படியே செய்தேன். சமையலறையில் அடித்துப் பார்த்தேன், கும்மென்று காற்று பிடித்தது. பெருமையோடு கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலை பம்ப் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உருட்டினேன், மிரட்டினேன். உள்ளே தேங்காய் எண்ணெய் மெழுகாக உறைந்து உட்கார்ந்திருந்தது. இருபத்து நாலு டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிற எண்ணெய் அது. கொட்டகையில் மூன்று டிகிரி. கும்பகோணத்தில் யாருக்கும் வந்திராத சிக்கல்.

அம்மாவைக் கூப்பிட்டுப் புலம்பினேன். கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள்.

"விளக்கெண்ணெய்!"

ஐம்பத்து மூன்று வயதில், மனைவி பக்கத்தில் நிற்கும்போது. "திட்டாதேம்மா" என்றேன்.

"திட்டலைடா. விளக்கெண்ணெய் போடுங்கறேன். அது குளிருக்கு உறையாது." பிறகு சற்று யோசித்து, "திட்டினதாவும் வச்சுக்கோ" என்றாள்.

மருந்துக்கடையில் சின்னப் புட்டியில் விற்கிறார்கள். போட்டேன், வேலை செய்தது.

அடுத்த கூத்து, பம்பின் கைப்பிடி தானாக எழுந்தது. அழுத்திவிட்டு நகர்ந்தால், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமா போல மெதுவாக, வீம்பாக எழுந்து நிற்கும். பம்பின் அடியில் ஒரு வால்வு இருக்கிறது. போன காற்று திரும்பி வராமல் தடுக்கிற ஒருவழிக் கதவு. அதற்குள் இருக்கும் மிளகளவு ரப்பர் கல்லாகிப் போயிருந்தது. அந்த மிளகை எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. புதிது போட ஐந்து நிமிஷம்.

எண்ணெய்க்குப் போனேன். கடையில் கெரசின் கேட்டால் விழிக்கிறார்கள். இங்கே அதன் பெயர் பாரஃபின். நமக்கும்தான் ஒரு பெயரா இருக்கிறது? மண்ணெண்ணெய், சீமெண்ணெய், சென்னைக்குப் போனால் கிருஷ்ணாயில். பரமாத்மாவையே பீப்பாயில் அடைத்த ஊர். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, அவர் காலத்தில் எஸ்ஸோ கம்பெனி நீல நிறத்திலும் அலாடின் ரோஜா நிறத்திலும் விற்றுப் போட்டி போட்டார்கள் என்றார். எங்களுக்கும் நீலம்தான், ரேஷன் கடையில், கேன்களும் செங்கற்களும் எங்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும் என்றேன். 1962-63 பனிக்காலத்தில் கொல்லைக் கக்கூஸின் குழாய் உறையாமல் இருக்க அவருடைய அப்பா இந்தக் கணப்பைத்தான் அங்கே வைப்பாராம். புளி போட்டு விளக்கியது வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றியது.

பற்றவைக்கும் நாள் வந்தது. தண்டைச் சூடேற்றும் பழைய கவ்வியில் ஆஸ்பெஸ்டாஸ் திரி இருந்ததால் அதைத் தொடாமல் ஒதுக்கி, புதிது வாங்கியிருந்தேன். கத்தரிப்பூ நிற ஸ்பிரிட்டில் நனைத்து மாட்டிக் கொளுத்தினேன். ஸ்பிரிட் அநேகமாக எரிந்து தீருகிறவரை பொறுத்திருக்க வேண்டும். பாதியிலேயே பம்பை அடித்தேன். சூடேறாத குழாயில் எண்ணெய் எண்ணெயாகவே பீச்சியடித்து, ஆளுயரத்துக்கு மஞ்சள் ஜுவாலை எழுந்தது. காற்றைத் திறந்துவிட்டு வெளியே பாய்ந்தேன். இடது புருவத்தில் பாதியைக் காணோம். கொட்டகை பிழைத்தது.

ஸ்டவ் என்றால் நெருப்பு, நெருப்பு என்றால் அம்மாவுக்குப் பயம். அந்தக் காலத்துப் பேப்பர்களில் வாரம் ஒரு ஸ்டவ் வெடிக்கும். மாமியாரை விட்டுவிட்டு மருமகளை மட்டும் தேடிப்பிடித்து வெடிக்கிற அதிசய ஸ்டவ்கள். பம்ப் ஸ்டவ்வின் மேல் அவ்வளவு பழியையும் போட்டது அநியாயம் என்பது என் கட்சி.

புருவத்தை மறைத்து, கேமராவைத் திருப்பிவைத்து, மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டேன். "எனக்குப் படம் வேண்டாம், சத்தத்தைக் காட்டு" என்றாள். கொட்டகைக் கதவு விரியத் திறந்திருந்தது. மூடிவைத்து எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூக்கிவிடும். அதனால் கணப்புக்கு முன்னால் நான் ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா சகிதம். ஸ்பிரிட் தீரப்போகிறவரை காத்திருந்து பம்பை அடித்தேன். புஸ்ஸென்று தொடங்கி, தட்டின் நடுவே மெல்லச் சிவந்தது.

"காத்து பத்தலை. இன்னும் பத்து அடி."

அடித்தேன். சத்தம் உயர்ந்து, ஹோவென்று ஒரே சீராக நின்றது. எங்கள் கும்பகோணத்து வீட்டில் காலை ஐந்து மணிக்குக் கேட்கும் அதே சத்தம். கேஸ் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், இருந்தது.

"ம். இப்பப் பாலை வை."

வைக்க இடமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"வச்சாச்சும்மா."

"பொங்கிடப் போறது. பக்கத்துலயே நில்லு."