மாலரின் காதல் கடிதமும் ஒன்றரைக் கட்டை பீத்தோவனும்

கேள்வி: மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் சோகம். சிம்ஃபொனி கேட்க இது போதாதா? (திருச்சி)

பதில்: பரீட்சை எழுதப் போதும். மோட்சார்ட்டின் 40-ஆம் சிம்ஃபொனி ஜி மைனர். அதைக் கேட்டுக் கண்கலங்குகிறவர்கள் ஏராளம். இசையமைப்பாளர் ஷூமானோ அதில் கிரேக்க நளினம் மிதப்பதாக எழுதிவைத்தார். மாலரின் ஐந்தாம் சிம்ஃபொனியில் வரும் அடாஜியெட்டோ என்ற மெதுவான பகுதி எஃப் மேஜர். இன்று அதை அஞ்சலிக் கூட்டங்களிலும் வாசிக்கிறார்கள்!

கேள்வி: மேஜரில் எழுதியதை இழவு வீட்டுக்கு அனுப்பியது யார்? (கோவை)

பதில்: வேகத்தைக் குறைத்தவர்கள். மாலர் இந்த சிம்ஃபொனியை எழுதியது 1901, 1902-இல். ஆல்மாவைக் காதலித்துக் கைப்பிடித்த காலம். அடாஜியெட்டோவில் ஊதுகிற வாத்தியங்கள் எல்லாவற்றையும் உட்காரவைத்துவிட்டு, தந்தி வாத்தியங்களையும் ஹார்ப்பையும் மட்டும் பேசவிட்டார். அவருடைய நண்பரும் ஆம்ஸ்டர்டாம் ஆர்கெஸ்ட்ராவின் நடத்துனருமான மெங்கல்பெர்க், இது ஆல்மாவுக்கு மாலர் அனுப்பிய காதல் கடிதம் என்று தன் பிரதியிலேயே குறித்துவைத்திருக்கிறார். 1926-இல் அவர் செய்த பதிவு சுமார் ஏழு நிமிடம். அதில் ஏக்கம் உண்டு, தவிப்பு உண்டு, ஒப்பாரி இல்லை.

1968 ஜூன் 8, நியூயார்க் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தில் ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கு. நடத்துனர் பெர்ன்ஸ்டைன் அங்கே இதை நடத்தினார். 1971-இல் இயக்குநர் விஸ்கோன்டி தன் ‘டெத் இன் வெனிஸ்’ படத்தில், சாகப்போகும் இசையமைப்பாளரின் பின்னால் இதை ஓடவிட்டார். முடிந்தது கதை. 1988-இல் நடத்துனர் ஹைட்டிங்க் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவு ஏறக்குறைய 14 நிமிடம். அதே சுரங்கள், அதே எஃப் மேஜர், நேரம் மட்டும் இரட்டிப்பு.

நியாயமாகச் சொன்னால், தலைப்பில் ‘மிக மெதுவாக’ என்று எழுதியதும் மாலர்தான். அதனால் ஹைட்டிங்க் கையிலும் பத்திரம் இருக்கிறது. ஆனால் 14 நிமிடம் ஓட்டினால், காதலி கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிடுமே!

கேள்வி: 78 ஆர்.பி.எம். தட்டில் அடைக்க அவசர அவசரமாக வாசித்ததை எல்லாம் ஆதாரம் என்கிறீர்களே? (மதுரை)

பதில்: வக்கீலா நீங்கள்? ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிடம்தான் கொள்ளும். ஏழு நிமிடம் இரண்டு பக்கத்தில் கச்சிதமாக உட்காரும் என்பது உண்மை. ஆனால் மூன்றாவது பக்கத்துக்குப் போக யார் தடுத்தார்கள்? பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபொனியை 1913-லேயே நடத்துனர் நிகிஷ் தட்டுத் தட்டாகப் பதிவு செய்துவிட்டார். மாலருக்கு உதவியாளராக இருந்த நடத்துனர் புரூனோ வால்டர் 1938-இல் வியன்னாவில் செய்த பதிவும் சுமார் எட்டு நிமிடம்தான். கூடவே இருந்து பார்த்த இருவர் ஒரே பக்கம் சாய்கிறார்கள். நானும் அந்தப் பக்கமே.

கேள்வி: மாலரே வாசித்த பதிவு ஒன்றுகூட இல்லையா? (தஞ்சாவூர்)

பதில்: ஆர்கெஸ்ட்ராவோடு இல்லை. 1905-இல் லைப்ஸிக்கில், வாசிப்பைக் காகிதச் சுருளில் துளைகளாகப் பதியும் பியானோ ரோலுக்காக இதே ஐந்தாம் சிம்ஃபொனியை வாசித்தார். முதல் பகுதியை மட்டும். அடாஜியெட்டோ நாலாம் பகுதி. முக்கியச் சாட்சி கோர்ட்டு வரைக்கும் வந்து, வேறு கேஸைப் பற்றிப் பேசிவிட்டுப் போன மாதிரி.

கேள்வி: வீட்டில் பழைய ரெக்கார்டு பிளேயர். பீத்தோவனின் ஐந்தாவதை என் கீபோர்டோடு சேர்த்து வாசித்தால் சுருதி ஒட்டவில்லை. கோளாறு யாரிடம்? (நாகர்கோவில்)

பதில்: அது சி மைனர், ஒரு கட்டையில் நிற்க வேண்டும். ஒன்றரைக் கட்டையில் கேட்டால் உங்கள் பிளேயர் சுமார் 6 சதவிகிதம் வேகமாகச் சுற்றுகிறது. தட்டில் வேகமும் சுருதியும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். நடத்துனரைப் பாராட்டும் முன் மோட்டாரைப் பாருங்கள். மயிரிழைதான் பிசகுகிறது என்றால் யார்மேலும் குற்றமில்லை. கீபோர்டின் ‘ஏ’ 440 ஹெர்ட்ஸ். வியன்னா ஃபில்ஹார்மோனிக் 443-ஐ ஒட்டிச் சுருதி சேர்க்கிறது. பாக் இசையைப் பழைய பாணியில் வாசிக்கும் குழுக்கள் 415-க்கு இறங்கிவிடும். அது முழுதாக அரைக் கட்டை.

கேள்வி: ஒரே ராகத்தை ஆண் ஒரு கட்டையிலும் பெண் ஐந்தரைக் கட்டையிலும் பாடுகிறார்கள். பாவம் மாறுவதில்லை. மேற்கத்தியர்கள் மட்டும் ‘டி மேஜர் பிரகாசம்’ என்கிறார்களே, கதைதானே? (சென்னை-4)

பதில்: பியானோவில் பெரும்பாலும் கதைதான். ஆர்கெஸ்ட்ராவில் காரணம் உண்டு. வயலினின் நாலு தந்திகள் ஜி, டி, ஏ, இ. டி மேஜரில் வாசிக்கும்போது திறந்த தந்திகள் கூடவே அதிர்ந்து கணகணக்கும். பழைய காலத்து டிரம்பெட்டுகளுக்கும் அது சௌகரியமான சுருதி. டி ஃபிளாட் மேஜருக்குப் போனால் அந்த ஒத்தாசை போய்விடும். விரலை அழுத்தியே வாசிக்க வேண்டும், நாதம் கொஞ்சம் மூடிக்கொள்ளும். சுபாவம் சுருதிக்கு இல்லை, வாத்தியத்துக்கு.

கேள்வி: பீத்தோவன் ஐந்தாவதுக்கு மெட்ரோனோம் வேகம் நிமிடத்துக்கு 108 தட்டு என்று போட்டாராம். காது கேளாதவர் போட்ட கணக்கை நம்பலாமா? (சேலம்)

பதில்: மெட்ரோனோம் ஆடுவது கண்ணுக்குத் தெரியுமே ஐயா! அவர் 1817-இல் எண்களை வெளியிட்டார். அவற்றைப் பார்த்து ‘கருவி பழுது’ என்று சொல்லிவருகிறார்கள். 1974-இல் நடத்துனர் கார்லோஸ் க்ளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு அந்த வேகத்தை ஒட்டியே ஓட்டிக் காட்டினார். கருவி பழுது என்று அதற்குப் பிறகும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: மெதுவாக நடத்துவதில் சாம்பியன் யார்? (ஈரோடு)

பதில்: செலிபிடாக்கே. மியூனிக்கில் 1993-இல் ப்ரூக்னரின் எட்டாவதை 104 நிமிடம் நடத்தினார். பலர் 80 சொச்சத்தில் முடித்துவிடுவார்கள். ரெக்கார்டு என்றாலே அவருக்கு ஆகாது. 1996-இல் அவர் இறந்த பிறகு குடும்பத்தார் சம்மதித்தார்கள். பதிவுகள் பெட்டி பெட்டியாக வெளிவந்தன.

கேள்வி: வேகம் பற்றி நடத்துனருக்கும் தனி வாத்தியக்காரருக்கும் சண்டை வந்தால்? (புதுச்சேரி)

பதில்: 1962 ஏப்ரலில் நியூயார்க்கில் வந்தது. பிராம்ஸின் முதல் பியானோ கன்செர்ட்டோவை பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் மிக நிதானமாக வாசிக்க நினைத்தார். பெர்ன்ஸ்டைன் மேடையில் ஏறி, இந்த வேகத்தில் தனக்கு உடன்பாடில்லை என்று ரசிகர்களிடம் அறிவித்துவிட்டு, பிறகு அதே வேகத்தில் நடத்தினார். ஐம்பது நிமிடத்தைத் தாண்டியது. இருபது வருஷம் கழித்து பியானோ கலைஞர் ஸிமர்மனோடு அதே கன்செர்ட்டோவை வியன்னாவில் பதிவு செய்தார் பெர்ன்ஸ்டைன். அதுவும் ஏறக்குறைய அதே நீளம். இந்த முறை அறிவிப்பு எதுவும் இல்லை.