நூல் பிடித்து வியட்நாம்

ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர் வீட்டோடு இருப்பது குடும்பத்துக்கு ஆகாது. வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த உலகத்தை, வீட்டில் இருக்கிற மூன்று பேர் தலையில் மொத்தமாக இறக்குவார். அதிலும் ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. அப்படி விடாத மழைக்காலம் ஒன்றில்தான் எங்கள் வியட்நாம் திட்டம் பிறந்தது.

மேகோங் கழிமுகத்தைக் கரும்பலகையில் வரைந்தே தலை நரைத்தவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அத்தனை கிளையாற்றையும் போட்டுவிடுவேன். ஆனால், கடல் கடந்து நான் போனதெல்லாம் மதுரை, ராமேஸ்வரம், சிதம்பரம்தான். அங்கே கண்ட பெரிய ஆறு வைகை. அதிலும் தண்ணீர் இல்லை.

பழைய தேசப்படப் புத்தகம், சிவப்புப் பேனை, பொத்தான் தைக்கிற நூல். இவ்வளவுதான் முதலீடு. நூலின் ஒரு நுனியை ஹனோயில் அழுத்திப் பிடித்து, ஹாலோங் குடா, ஹூவே, ஹொய் ஆன், மீ சொன், டா லாட் என்று வளைத்து வளைத்து இழுத்து, சைகோனில் முடித்தேன். "மொத்தமே ஒரு சாண்தான்" என்று வீட்டாருக்கு அறிவித்தேன்.

மகன் எட்டிப் பார்த்தான். "அப்பா, இதுல வட வியட்நாம் ஒரு கலர், தென் வியட்நாம் ஒரு கலர். ரெண்டும் 1976லேயே ஒண்ணாயிருச்சு. சைகோனுக்கும் ஹோ சி மின் நகரம்னு பேர் மாத்தியாச்சு."

"நிலம் நகரலையே" என்றேன். ஆசிரியன் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அந்த ஒரு சாணுக்கு ரயில் கணக்குப் பார்த்தபோதுதான் நூல் கொஞ்சம் தளர்ந்தது. ஹனோயிலிருந்து சைகோனுக்கு 1,726 கிலோமீற்றர். முப்பது மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். கொழும்பிலிருந்து பதுளைக்கு உள்ள 290 கிலோமீற்றருக்கே நம்ம ரயில் பத்து மணித்தியாலம் எடுக்கிறதே, அதோடு பார்த்தால் அது பறக்கிறது என்று வாதாடினேன். "என் இடுப்பு பதுளைக்கே தாங்காது" என்றாள் வீட்டுக்காரி.

அவள் ஒரு முறை வைத்திருக்கிறாள். நான் எந்த ஊர் பெயரைச் சொன்னாலும் அதை ஹட்டனுக்குப் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஹாலோங் குடாவில் தண்ணீருக்கு நடுவே சுண்ணாம்புக்கல் மலைகள் நிற்கும் என்றேன். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றினால், முழுகிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயிலே தலையை நீட்டுகிறதே, அதைப் பார்க்கப் போனோமா என்றாள். ஹொய் ஆனில் தெரு முழுக்கப் பட்டுத்துணி விளக்குக்கூடு என்றேன். "வெசாக் கூடு." கூ சீயில் யுத்தகாலச் சுரங்கம், இருநூறு கிலோமீற்றருக்கு மேல் என்றேன். "சிங்கமலை சுரங்கத்துல ரயில் போறப்போ கண்ணை மூடிக்கிறீங்க. அதுல இது வேறயா?"

சாப்பாட்டில்தான் பெரிய போர். காலையிலேயே மாட்டெலும்பு சூப்பில் அரிசி நூடுல்ஸ் போட்டு 'ஃபோ' என்று குடிப்பார்கள் என்றதும், "காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிறதையா காசு குடுத்துக் குடிக்கிறது?" என்றாள். நெத்தலியையும் உப்பையும் மாசக்கணக்கில் ஊறப்போட்டு வடிக்கிற நூக் மாம் சாறு அங்கே பாதிக்கறிகளில் விழும் என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மாசி இல்லாமல் சம்பல் இடிக்கத் தெரியாத மூக்கு அது.

நல்லவேளையாக வியட்நாம் பௌத்தர்கள் கைகொடுத்தார்கள். சந்திர மாசத்தின் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே ஏராளமானோர் மரக்கறிதான். அதற்கென்றே 'சாய்' என்று எழுதிய கடைகள் இருக்கின்றன. உடனே கோடு போட்டு அட்டவணை தயாரித்தேன். அமாவாசை, பௌர்ணமி மரக்கறி. வீட்டுக்காரியின் விரதப்படி செவ்வாய், வெள்ளி மரக்கறி. ஹொய் ஆனில் மின்விளக்கை அணைத்துவிட்டு விளக்குக்கூடு ஏற்றும் இரவு சந்திர மாசத்தின் பதினாலாம் நாள் வருவதால், அதுவும் பௌர்ணமியோடு ஒட்டிக்கொண்டது. எல்லாம் கழிந்து மகனுக்கு ஃபோ குடிக்க மிஞ்சியது ஒரே ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு அட்டவணைப்படி நாங்கள் ரயிலில் இருந்தோம்.

இதையெல்லாம் தாங்கிவிட்டேன். டா லாட்டில்தான் அடி பலமாக விழுந்தது.

டா லாட் கிட்டத்தட்ட 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1893இல் யெர்சின் என்ற மருத்துவர் அந்த மேட்டு நிலத்தைக் கண்டு சொல்ல, வெயில் தாங்காத பிரெஞ்சுத் துரைமார் குளிருக்காகக் கட்டிய ஊர். நடுவில் செயற்கை ஏரி. சுற்றிலும் பங்களாக்கள், பைன் மரம், ஸ்ட்ரோபரி, பூந்தோட்டம். பல்சக்கரம் வைத்து மலையேறிய பழைய ரயில் பாதையில் மிஞ்சிய ஏழு கிலோமீற்றரில் இன்றும் உல்லாசப் பயணிகளை ஏற்றிப் போகிறார்கள். பக்கத்திலே காவ் தாட் என்ற இடத்தில் 1927இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய தேயிலைத் தோட்டம். ஒவ்வொன்றாக, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன்.

வீட்டில் சத்தமில்லை. அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னாங்க, இது நுவரெலியா" என்றாள்.

மறுக்க முடியவில்லை. வெயில் தாங்காத துரைமார், குளிர், ஏரி, பங்களா, ஸ்ட்ரோபரி, தேயிலை, எல்லாம் பொருந்துகிறது. ஆளுநர் கிரெகரி 1873இல் ஏரி வெட்டினார். உயரத்தில் நாம் 1,868 மீற்றர், ஒரு படி மேலேதான். "ஹட்டன்ல பஸ் ஏறினா நுவரெலியா. இதுக்குப் போய் கோலாலம்பூர்ல பிளேன் மாறி, ஆளுக்கு இருபத்தஞ்சு டொலர் விசா கட்டி, தேயிலைச் செடி பார்க்கணுமா? வெளிநாட்டுக்காரன் நம்ம லயத்து வாசல்ல வந்து நின்னு படம் பிடிக்கிறான். நீங்க அடுத்தவன் லயத்துக்குப் படம் பிடிக்கப் போறீங்க."

என் ஆசை அவளுக்குப் புரியாது. இன்னொரு தேசத்துத் தேயிலை மலையில் காலை அகட்டி நின்று, இடுப்பில் கை வைத்து, "கவ்வாத்து சரியில்லையே" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். இங்கே அதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கோப்பியைக் காட்டிச் சமாளித்தேன். நம்ம மலையெல்லாம் முதலில் கோப்பிதான். 1869இல் இலைத்துரு நோய் வந்து தின்றுவிட்டுப் போனபிறகுதான் தேயிலை. அந்த நோய்க்கு நின்று பிடிக்கிற ரொபஸ்டாவை வைத்து வியட்நாம் இன்றைக்குப் பிரேசிலுக்கு அடுத்த கோப்பி நாடு. பாலுக்குத் தட்டுப்பாடான 1946இல் ஹனோய் ஹோட்டல் ஊழியர் ஒருவர் முட்டை மஞ்சள் கருவை அடித்துக் கோப்பிமேல் ஊற்ற, அது இன்றுவரை ஓடுகிறது. மற்றபடி கோப்பிக்கு டின்பால்தான். டின்பால் என்றதும் மகன் என் பக்கம் சாய்ந்தான். முட்டை என்றதும் வீட்டுக்காரி அட்டவணையைக் காட்டினாள்.

அதுவரை மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா, "கோயில் குளம் ஒண்ணும் இல்லையாடா தம்பி?" என்றார்.

இருக்கிறதே! மீ சொன்னில் சாம் மன்னர்கள் நாலாம் நூற்றாண்டிலிருந்து கட்டிய சிவன் கோயில்கள். 2020இல்கூட இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்றை வெளியே எடுத்தார்கள். அம்மா அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டார். சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் என்றதும் உலக்கையைக் கீழே வைத்துவிட்டார்.

"மாரியாத்தா அங்கேயும் போயிட்டாளா?"

நம்ம தமிழ் வியாபாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டிப் போனது. செட்டியார்மார் கப்பலேறிப் போய்ப் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் வட்டிக்கடை வைத்த ஊர் அது. 1975க்குப் பிறகு அநேகமாக எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அம்மன் மட்டும் கிளம்பவில்லை. இப்போது அங்கத்து ஆட்கள் ஊதுபத்தியோடு வந்து, கருவறைக்குப் பின்னால் உள்ள கல்லில் நெற்றியை ஒட்டிவைத்துக் காதோடு சொல்வதுபோல வேண்டிக்கொள்கிறார்கள். அங்கே போனவர்கள் கடன் கொடுக்கப் போனார்கள். நம்மவர்கள் கங்காணியிடம் வாங்கிய கடனோடு மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நடந்து இங்கே வந்தார்கள். இரண்டு கட்சிக்கும் சாமி ஒன்றேதான்.

"நான் வாரேன்" என்றார் அம்மா. அதற்குப்பின் வீட்டில் எதிர்க்கட்சி இல்லை. வீட்டுக்காரி தன் சீட்டுப் பணத்தைத் தருவதாகவும் ஒப்புக்கொண்டாள், இனி அட்டவணை அவள் கையில் என்ற நிபந்தனையோடு. அவள் முதல் வேலையாக என் சிவப்புப் பேனையைப் பறிமுதல் செய்தாள். அடுத்து ஹனோய், ஹூவே இரண்டையும் வெட்டினாள்.

அம்மாவுக்கு ஆயுசில் முதல் பாஸ்போர்ட். பிறப்பத்தாட்சியில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒன்று, கொழுந்தை நிறுத்து முழுப் பேர், அரைப் பேர் என்று நாள் சம்பளம் பதிகிற தோட்டத்துச் செக்ரோலில் இன்னொன்று. எழுதினவர்கள் எல்லாரும் அவரவர் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறார்கள். 1948இல் பறித்த பிரஜாவுரிமை நம்ம மலையகச் சனத்தில் கடைசி ஆள்வரை திரும்பி வருவதற்கு 2003ஆம் வருசத்துச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதோடு பார்த்தால் எழுத்துப்பிழை திருத்த ஆகிற காலம் பெரிசில்லை என்று அம்மாவே எனக்கு ஆறுதல் சொன்னார்.

டா லாட்டையும் வெட்டப் போன வீட்டுக்காரியைத் தடுத்ததும் அம்மாதான். "அது இருக்கட்டும் புள்ள. அவளுக எப்படிக் கொழுந்து எடுக்கிறாளுகன்னு பார்க்கணும்."

என் கவ்வாத்துக் கனவுக்கு உயிர் வந்தது. அந்த உற்சாகத்தில் விமானச் சட்டதிட்டங்களை விளக்க ஆரம்பித்தேன். கையில் கொண்டுபோகிற பை ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது, வாசலிலேயே தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பார்கள் என்றேன்.

"ஏழு கிலோவா?" அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு அரைப் பேருகூடப் போட மாட்டாங்களேடா!"