அன்டெனாவைச் சுற்றி நிற்போர்

மொன்றியலில் ஓடும் ட்ரக் ஒன்றில் சிபி றேடியோ பொருத்த ஒரு பெட்டி, ஒரு அன்டெனா, ஒரு கேபிள், அரை மணி நேரத் தனிமை ஆகியவை தேவை. முதல் மூன்றும் கடையில் கிடைக்கும். சென்ற சனிக்கிழமை லசீன் பக்கத்துத் தரிப்பிடம் ஒன்றில் காலையில் தொடங்கிய வேலை பொழுதுபட்டும் முடியவில்லை. பெட்டியில் பழுதில்லை, அன்டெனாவிலும் பழுதில்லை. பக்கத்தில் தமிழர் நின்றார்கள்.

சிபி என்பது 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பொதுமக்கள் பேசுவதற்கென ஒதுக்கப்பட்ட வானொலி. அமெரிக்காவில் 1958இல் இந்த அலைவரிசைக்கு வந்தது. கனடா 1962இல் பொது வானொலிச் சேவை என்ற பெயரில் அதை அனுமதித்தது. இதன் முன்னோடிகளில் ஒருவரான அல் குரோஸ் 1918இல் ரொறன்ரோவில் பிறந்தவர். ரொறன்ரோக்காரர் இதை இன்னும் பெருமையடிக்கத் தொடங்காதது மொன்றியல்காரருக்கு ஓர் ஆறுதல். 1973இன் எண்ணெய் நெருக்கடியின்போது எங்கே டீசல் இருக்கிறது, எங்கே பொலிஸ் நிற்கிறது என்று அமெரிக்கச் சாரதிகள் ஒருவருக்கொருவர் சொல்லப்போய் இது பரவியது. 1977இல் 23 சனல்கள் 40 ஆகின. ஒன்பதாவது அவசரத்துக்கு, பத்தொன்பதாவது ட்ரக்காரருக்கு. சட்டம் அனுமதிக்கும் வலு 4 வாட். அதை வைத்துச் சில கிலோமீற்றர் தூரம் பேசலாம்.

பெட்டியைப் பொருத்துவது எளிது. வட அமெரிக்க ட்ரக்குகளில் சாரதியின் தலைக்கு மேலுள்ள தட்டில் இதற்கென்றே சிவப்பும் கறுப்புமாக இரண்டு மின்முனைகள் இருக்கும். அன்டெனாக் கேபிளும் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே இழுக்கப்பட்டிருக்கும். சிவப்பைச் சிவப்பில் பூட்டி, கறுப்பைக் கறுப்பில் பூட்டி, கேபிளைப் பின்னால் முறுக்கினால் சரி. இந்தக் கட்டத்தில் தவிர்க்கவேண்டியது ஒன்றுதான்: அன்டெனா பூட்டுமுன் மைக்கின் பொத்தானை அழுத்தக்கூடாது. வெளியே போக வழியில்லாத வலு திரும்பி வந்து பெட்டியின் கடைசி டிரான்சிஸ்டரை எரித்துவிடக்கூடும். ஆகவே, உதவி செய்வதாகச் சொல்லிப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருபவரின் கைக்கு மைக் எட்டாமல் பார்த்துக்கொள்வது நிறுவல் முறையின் ஒரு பகுதி. அவர் எப்படியும் எடுத்து “ஹலோ, ஹலோ” என்பார்.

அடுத்தது அன்டெனா. 27 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 11 மீற்றர். அதில் கால்பங்கு, 2.7 மீற்றருக்குச் சற்று அதிகம், நல்ல அன்டெனாவின் இயல்பான நீளம். கியூபெக்கில் ட்ரக்கின் உயர வரம்பு 4.15 மீற்றர். கண்ணாடித் தாங்கியில் அவ்வளவு நீளக் கம்பியை நட்டால் வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், ஃபைபர் தண்டில் செப்புக் கம்பியைச் சுற்றிக் குறுக்கிய, 1.2 மீற்றர் அளவிலான அன்டெனாக்களே பெரும்பாலும் விற்கப்படுகின்றன. ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பது பழைய கேள்வி.

“உது ஒண்டு காணாது தம்பி, ரெண்டு போடோணும்” என்ற குரல் இங்கேதான் எழும். கல்யாண வீட்டு வாசலில் ஒரே ஒரு வாழைமரம் கட்டினால் எப்படியிருக்கும் என்ற கவலையே அந்தக் குரலின் விஞ்ஞானம். சொல்பவர் ட்ரக் ஓட்டுபவராக இருக்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் கொடைக்கானல் ஒளிபரப்பைப் பிடிக்க ஓட்டுக்கூரையில் ஏறியவராக இருந்தால் போதும். கூரையில் ஒருவர் குழாயைத் திருப்ப, முற்றத்தில் ஒருவர் அதை உள்ளே கத்த, அறையில் ஒருவர் “வருது, வருது, போட்டுது” என்று பதில் கத்த, அந்தக் கல்வி மூன்று தலைமுறைக்குப் போதுமானதாக அமைந்தது. அத்தகையவர் சிபி அன்டெனாவின் அடியைப் பிடித்து, “கொஞ்சம் கிழக்கால திருப்பிப் பார்” என்பார். நேராக நிற்கும் தண்டு சுற்றிவர எல்லாத் திசைக்கும் அலை அனுப்பும், அதைத் திருப்பினால் தண்டு திரும்பும், வேறொன்றும் நடக்காது. திருப்பிக் காட்டினாலும் அவர், “இப்ப பரவாயில்லை” என்பார். இரண்டாமவர் ரொறன்ரோவில் மச்சான் உள்ளவர். அந்த மச்சான் ஒருபோதும் நேரில் வரமாட்டார், ஆனால் அவருடைய ட்ரக்கில் எல்லாம் சரியாக இருக்கும். மூன்றாமவர் எதுவும் சொல்லாமல் ஸ்பனரை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு, தேவைப்படும்போது அதோடு காணாமற்போவார். நாலாமவர் விலை கேட்பவர். எவ்வளவு சொன்னாலும் அரை விலைக்கு வாங்கித் தந்திருப்பார், நேற்றே கேட்டிருந்தால். தேநீர்க் கோப்பையோடு நின்று இவர்களை எண்ணிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் இந்த வகையினர்.

ஏர்த் பற்றி மேற்படி எவரும் பேசுவதில்லை. தண்டு அன்டெனாவின் பாதி, மறுபாதி ட்ரக்கின் இரும்பு. இன்றைய ட்ரக்குகளில் வெளிப்புறத்தில் பெரும்பகுதி ஃபைபரும் பிளாஸ்டிக்கும்தான். கண்ணாடித் தாங்கியிலிருந்து சட்டகம் வரை பின்னல் கம்பி ஒன்று போகாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் இரைச்சலைத்தான் தரும். உடனே பெட்டியை மாற்றச் சொல்வார்கள்.

பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். அளவீடு. பெட்டி அனுப்பிய வலுவில் எவ்வளவு அன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்பதை ஒரு சிறு அளவி காட்டும். 1.5க்குக் கீழே இருந்தால் நல்லது. 3ஐத் தாண்டினால் பேசக்கூடாது. முதலாவது சனலிலும் நாற்பதாவது சனலிலும் பார்க்கவேண்டும். முதலாவதில் கூடினால் அன்டெனா கட்டை, நுனித் திருகை உயர்த்தவேண்டும். நாற்பதாவதில் கூடினால் நீளம், இறக்கவேண்டும். அளக்கும்போது ட்ரக் வெளியான இடத்தில் நிற்கவேண்டும், கதவுகள் சாத்தியிருக்கவேண்டும், அன்டெனாவுக்கு அருகில் ஆட்கள் நிற்கக்கூடாது. மனித உடல் பக்கத்தில் இருந்தால் அளவு மாறும். இது இயற்கையின் விதி, எவருடைய கோபமும் அல்ல. லசீனில் இந்த விதி இரண்டு மொழிகளில் அறிவிக்கப்பட்டது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, அளவியில் என்ன காட்டுகிறது என்று பார்க்க இன்னும் கிட்ட வந்தார்கள்.

எல்லாம் சரியாக அமைந்து 20ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே புறப்பட்டால் கேட்பது என்ன? சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கொருமுறை பெருகும்போது, 27 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலும் விழும். அப்போது டோரியோனில், நெடுஞ்சாலை என்ற பெயரை வைத்துக்கொண்டே சிவப்பு விளக்கில் நிற்கும் அந்தச் சாலையில், அமெரிக்காவின் தென்மாநிலத்தவர் ஒருவர் சட்டவிரோத வலுவோடு முழங்குவது தெளிவாகக் கேட்கலாம். இருநூறு மீற்றர் முன்னால் போகும் தமிழ்ச் சாரதியின் குரல் கேட்காது. அவருடைய ட்ரக்கிலும் சிபி உண்டு, இரண்டு அன்டெனாவும் உண்டு. ஆனால் அவர் காதில் புளூடூத்தை மாட்டிக்கொண்டு, 401இல் தனக்குப் பின்னால் வரும் இன்னொருவருக்கு எப்படி அன்டெனா பூட்டுவதென்று கிங்ஸ்டன் வரை விளக்கிக்கொண்டிருப்பார்.

பராமரிப்பு அதிகமில்லை. மொன்றியல் சாலைகளில் குளிர்காலம் முழுக்கக் கொட்டும் உப்பு அன்டெனாவின் அடித்திருகையும் ஏர்த் கம்பியையும் அரிக்கும். ஏப்ரலில் கழற்றித் துடைத்து, மீண்டும் பூட்டி, எஸ்.டபிள்யூ.ஆரை மறுபடி அளக்கவேண்டும். அதற்கு அளவி வேண்டும். அதை நாலாமவர் ஒரு நாளைக்கென்று வாங்கிப்போனார்.