மெதுவாகப் போகக் காசு

மெதுவாகப் போவது எப்படி என்று அட்டன் ஆட்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1884இல் எங்கள் ஊருக்கு ரயில் வந்தது. இன்றைக்கும் கொழும்பிலிருந்து மலையேறி வர அதற்கு ஐந்தாறு மணித்தியாலம் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வாசலில் தொங்கிக்கொண்டு படம் பிடிக்கும் அதே பெட்டியில்தான் நாங்கள் கழிப்பறைக் கதவோரம் மூட்டையின் மேல் உட்கார்ந்து வருகிறோம். அவர்களுக்கு அது அனுபவம். எங்களுக்கு இடுப்பு வலி.

ஆகவே நீர்கொழும்பில், உறவுக்காரர் கல்யாணம் முடிந்த மறுநாள், படகுக்காரத் தம்பி ஒருவர் வந்து, "ஆறுதலாப் போவம், ரெண்டு மணித்தியாலம்" என்று ரேட்டைச் சொன்னதும் என் மாமனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மெதுவாப் போறதுக்குமா காசு?"

மாமா டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மோந்து பார்த்த பிறகுதான் நம்புவார். கல்யாண வீட்டுத் தேத்தண்ணியை மோந்து பார்த்துவிட்டுக் குடிக்காமலே திருப்பிக் கொடுத்தவர். மாமி வேறு ரகம். நீர்கொழும்பு வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர். "எப்ப குளிரும்னு யாருக்குத் தெரியும்?" என்பது அவருடைய கட்சி. கையில் குடை, பையில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும், பிளாஸ்கில் பிளேன்டீ. ஏறி உட்கார்ந்ததும் மாமி காலால் படகின் அடியைத் துழாவினார். மிதிகட்டையைத் தேடுகிறாராம்! அவருக்குத் தெரிந்த ஒரே படகு, நுவரெலியாவில் ஆளுநர் கிரகரி 1873இல் கட்டிய வாவியில் மிதக்கும் அன்னப் படகுதான். ஏப்ரல் சீசனில் அதற்குக் காசையும் கொடுத்து நாமே மிதிக்கவும் வேண்டும். இங்கே மோட்டார் இருக்கிறது என்றதும் மாமிக்குப் படகுக்காரர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

லைப் ஜாக்கெட்டை ஸ்வெட்டருக்கு மேலே போட்டார். கொக்கி மாட்ட இரண்டு பேர் தேவைப்பட்டோம்.

நாங்கள் போன கால்வாயை ஊரே டச்சுக் கால்வாய் என்கிறது. ஒல்லாந்தர் இந்தப் பக்கம் கால்வாய் வெட்டியதும் கறுவா ஏற்றியதும் உண்மை. ஆனால் களனி கங்கையிலிருந்து நீர்கொழும்புக் களப்புவரை போகும் இந்த 14.5 கிலோமீட்டர், 1802இல் இங்கிலீஷ்காரன் தொடங்கி 1804இல் முடித்தது. கேவின் ஹாமில்டன் என்ற அதிகாரியின் பெயரில் ஹாமில்டன் கால்வாய். பாவம் ஹாமில்டன், பெயர் காகிதத்தோடு நின்றுவிட்டது. மண்வெட்டி பிடித்தவன் பெயர் காகிதத்திலும் இல்லை. அந்த விஷயத்தில் எங்கள் தோட்டத்து ரோட்டுக்கும் இந்தக் கால்வாய்க்கும் ஒரே கங்காணிதான் போலிருக்கிறது. முத்துராஜவெல சதுப்பில் ஏறிய உப்புத் தண்ணீரை வடிக்கத்தான் வெட்டினார்களாம். கடல் பொங்கும்போது அதே வழியாக உப்பு உள்ளே வந்ததுதான் மிச்சம் என்பார்கள்.

மாமா தண்ணீரைக் கையில் அள்ளினார். மோந்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். சதுப்பில் ஊறிய கருஞ்சிவப்பு.

"சாயம் நல்லா இறங்கியிருக்கு மாப்ள. ஆனா இலை புளிச்சுப் போச்சு."

"அது நம்ம ஊர்த் தண்ணி மாமா" என்றேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நோர்வூட்டைத் தாண்டி காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நிற்கிற கெஹெல்கமு ஓயாவும், மஸ்கெலியாப் பக்கத்து மவுசாகலையில் நிற்கிற மஸ்கெலி ஓயாவும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை. கால்வாயின் தெற்கு முனை அந்தக் களனியில்தான் இருக்கிறது. அதுவும் சும்மா இறங்கி வருகிற தண்ணீரில்லை. காசல்ரீத் தண்ணீர் விமலசுரேந்திர, பழைய லக்ஷபான, பொல்பிட்டிய என்று வரிசையாக மூன்று மின் நிலையத்தில் பேர் போட்டுவிட்டுத்தான் கீழே விடுகிறார்கள். மவுசாகலைத் தண்ணீருக்கு கெனியன், புதிய லக்ஷபான, மறுபடி பொல்பிட்டிய. மாமி ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "மூணு எடத்துல வேலை செஞ்சும் ஒரு முழுப்பேர் கெடச்சிருக்காது." மாமி, கொழுந்து பறித்த நாளில் இருபது கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்ததற்காக அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், வாங்கிய காலத்தை மறக்கிறவர் இல்லை.

கண்டல் மரங்கள் நெருங்கிய இடத்தில் தம்பி மோட்டாரை நிறுத்தினார். சத்தமே இல்லை. ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது.

"பழுதா?" என்றார் மாமா.

"இல்ல ஐயா. இங்க நின்டு பாக்கிறது."

"ஓட்டாம நிக்கிறதுக்கும் இதே ரேட்டா?"

பதில் சொல்வதற்குள் வேரோடு வேராகக் கிடந்த கபரகொய்யா என்கிற நீர் உடும்பு ஒன்று எழுந்தது. மாமியின் உயரத்துக்குக் குறையாது. நாக்கை நீட்டி, எங்கள் பக்கம் காற்றை ருசி பார்த்தது. கட்டச்சம்பல் வாசம் எட்டியிருக்க வேண்டும். மாமி குடையை விரித்துக் கேடயமாகப் பிடித்தார். அதுவோ எந்த அவசரமும் இல்லாமல் தண்ணீரில் இறங்கி, வாலை ஒரு பக்கம் வீசி, மறு பக்கம் வீசி, படகைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்க்கரையில் ஏறியது. அதை மோந்து பார்க்கும் எண்ணம் மாமாவுக்கும் வரவில்லை.

களப்பு வாயில் திறந்த இடத்தில் ரொட்டியைப் பிரித்தோம். தம்பிக்கும் ஒன்று. பிளேன்டீயைக் குடித்துவிட்டு அவர் கண்ணை மூடித் திறந்து, "இப்படிச் சாயம் இங்க கிடைக்காது" என்றார். நல்லதெல்லாம் கப்பலேறிப் போய்விடும், தம்பி குடித்தது தோட்டத்துக்காரர் கைக்கு வந்தது என்று மாமா விளக்கத் தொடங்கி, கிரேடு கிரேடாகப் போய், டஸ்ட்டை எட்டுவதற்குள் வானம் இருட்டிவிட்டது.

மழை. மாமி எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். ஸ்வெட்டரைத் தடவிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் மோசம்.

தம்பி மோட்டாரை முழு வேகத்தில் முறுக்கினார். போக அவ்வளவு நேரம் எடுத்த கால்வாய் திரும்பும்போது கண்ணில்கூடப் படவில்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் சுவராக எழும்ப, படகுத்துறையில் வந்து இடித்து நின்றோம். நான் காசை எடுத்தேன். மாமா என் கையைப் பிடித்தார்.

"பொறு மாப்ள. தம்பி, மெதுவாப் போறதுக்குத்தானே ரேட்டு சொன்னீங்க?"

"ஓம் ஐயா."

"வரும்போது என்ன வேகம் வந்தீங்க! மெதுவு பாதிதானே செஞ்சிருக்கீங்க? அரைப்பேர்தான் போட முடியும்."

தம்பி என்னைப் பார்த்தார். மாமி குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "முழுப்பேர் போடுங்க, மழை நாளு" என்றார்.