முதலாளியைக் கலைக்கிற வித்தை

முதலாளியைக் கலைக்கிறது எப்பிடி எண்டு என்னட்டை ஆலோசனை கேக்கிறியள். நல்லது. வெள்ளவத்தையில அஞ்சாம் மாடியில இருந்துகொண்டு, இங்கிலாந்தில இருக்கிற ஒரு உதைபந்துக் கழகத்தின்ரை முதலாளியை, அதுகும் அமெரிக்காவில குடியிருக்கிற முதலாளியைக் கலைக்க வேணும். கலைப்பம். உதென்ன பெரிய வேலையே? அதுக்கு முதல், பேரா, உந்தச் சிவப்புச் சேட்டை எங்கை வாங்கினனி எண்டு சொல்லு.

புறக்கோட்டை நடைபாதையிலையோ? அப்ப நீ கெட்டிக்காரன். முதுகில இருந்த பேர் மூண்டாம் தோய்ப்போட பாதி உரிஞ்சு போச்சு. மிச்ச எழுத்தை வைச்சு அது ஆரின்ரை பேர் எண்டு கொம்மாவுக்கும் விளங்கேல்லை. எண்டாலும் முதலாளிக்கு ஒரு சதம் போகேல்லை. உன்னைப் போல எதிர்ப்பாளன் மன்செஸ்டரிலையும் கிடையான். ஆனால் உந்தக் கொட்டாஞ்சேனைத் தம்பி போட்டிருக்கிறது ஒறிஜினல், மாமா கனடாவில இருந்து அனுப்பினதாம். தம்பி, நீ முதலாளிக்குப் படியளந்துபோட்டு, அளந்த சேட்டோடையே "முதலாளி வெளியேறு" எண்டு கத்திறாய். கத்து மோனை, கத்து. அவன்ரை காதில அது திருவாசகம் மாதிரி விழும்.

இந்தக் கிழவனுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறியளோ? சாமம் ஒரு மணிக்கு ரீவீக்கு முன்னால நிண்டு நீங்கள் குளறினால் பக்கத்து அறையில கிடக்கிறவன் நித்திரையே கொள்ளுவான்? அப்பிடிக் கிடந்து படிச்ச படிப்புத்தான்.

2005 ஆம் ஆண்டு மல்கம் கிளேசர் எண்ட அமெரிக்கன் மன்செஸ்டர் யுனைட்டட்டை வாங்கினவன். விலை கிட்டத்தட்ட 79 கோடி பவுண். அதில பெரும் பங்கு கடன் காசு. சாமர்த்தியம் எங்கை இருக்கெண்டால், கடன்பட்டது வாங்கினவன், கடன் எழுதினது வாங்கப்பட்ட கழகத்தின்ரை தலையில. வட்டி கட்டினது டிக்கெட் எடுத்த சனம். நான் ஒரு காலத்தில கூட்டுறவுச் சங்கத்தில கணக்கு எழுதினவன், உப்பிடி ஒரு கணக்கை எழுதியிருந்தால் என்னைப் பிடிச்சு உள்ளுக்கை போட்டிருப்பாங்கள். அங்கை அதுக்குச் சட்டத்தில இடம் இருக்காம்.

மல்கம் 2014 இல செத்துப்போனான். பிள்ளையள் இருக்கினம். இருபது வருசத்துக்கு மேலாச்சு, வாக்கில பெரும்பங்கு இப்பவும் அந்தக் குடும்பத்தின்ரை கையிலதான்.

ஏன் தெரியுமோ? எங்கடை ஊர்க் கோயிலை நினைச்சுப் பாருங்கோ. கோயில் மனேச்சரைப் பற்றி ஊரில நல்ல வார்த்தை சொல்ல ஒருத்தன் இல்லை. கணக்குக் காட்டான், காணிக் குத்தகை எங்கை போகுது எண்டு சொல்லான். வாசிகசாலை விறாந்தையில வருசம் முழுக்க அவனைக் கிழிச்சுத் தொங்கவிடுவம். கொடியேறினால் என்ன நடக்கும்? கிழிச்சவன் எல்லாம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு தேர் வடத்தில நிப்பான். என்ரை உபயம் விட்டுப்போகக் கூடாது எண்டு முதல் ஆளாய்க் காசு கட்டினவன் நான். தேர் நிண்டால்தான் மனேச்சருக்குப் பயம். தேரை நிப்பாட்ட எங்களுக்கு மனம் வராது, ஏனெண்டால் தேரில இருக்கிறது மனேச்சர் இல்லை, சாமி. அந்தப் பாவி மனேச்சருக்கு உது எங்களை விட வடிவாய்த் தெரியும். கிளேசர் குடும்பம் கொடியேத்தம் கண்டதோ என்னவோ, அந்தச் சூத்திரம் அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

மனம் வந்த ஆக்களும் இருந்தவைதான். 2005 இலயே கொஞ்சப் பேர் கோவிச்சுக்கொண்டு போய் எப்.சி. யுனைட்டட் ஒவ் மன்செஸ்டர் எண்டு தாங்களே ஒரு கழகம் துவங்கிச்சினம். காசு எவ்வளவு போட்டாலும் ஒரு அங்கத்தவனுக்கு ஒரு வாக்குத்தான். கீழ்மட்டத்தில விளையாடி, பத்து வருசத்தால, 2015 இல, சொந்த மைதானமும் திறந்தாச்சு. யாழ்ப்பாணத்தானுக்கு உது விளங்கும். ஒரே ஒழுங்கையில ரெண்டு பிள்ளையார் இருந்தால் பக்தி கூடி எண்டு வெளியூரான் நினைப்பான். வழக்கு எண்டு எங்களுக்குத் தெரியும்.

மிச்ச ஆக்கள் வெளிய போகேல்லை, நிறத்தை மாத்திச்சினம். கழகம் 1878 இல நியூட்டன் ஹீத் எண்ட பேரோட துவங்கேக்கை இருந்த பச்சையும் மஞ்சளும் தெரியுமெல்லே? 2010 இல அந்த நிறச் சால்வையைக் கழுத்தில போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தவை. உங்கடை கழகத்தில முந்தி விளையாடின டேவிட் பெக்கம் அப்ப மிலான் பக்கம். உங்கடை ஆக்களோட விளையாடித் தோத்துப்போட்டு வெளிய போகேக்கை அந்தச் சால்வையை எடுத்துக் கழுத்தில சுத்தினான். சனம் பூரிச்சுப் போச்சு. பேந்து பத்திரிகைக்காரர் கேட்டால், கழகத்தை ஆர் நடத்திறது எண்டது தன்ரை சோலி இல்லையாம். உவனல்லோ மாப்பிள்ளை! சபையில சால்வையையும் வாங்கி, மாமனையும் பகைக்காமல் வீடு போய்ச் சேர்ந்திட்டான்.

சரியான சண்டை எண்டால் 2021 மே 2. அதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் பெரிய கழகங்கள் 12 சேர்ந்து ஐரோப்பிய சுப்பர் லீக் எண்டு ஒண்டு அறிவிச்சவை. தோத்தாலும் நிறுவினவன் கீழ இறங்கத் தேவையில்லாத போட்டி. சனம் கொதிச்சதில மூண்டு நாளிலை அது படுத்திட்டுது. கொதி மட்டும் ஆறேல்லை. கொரோனா காலம், மைதானத்துக்குள்ள பாக்க ஆளில்லாமல் விளையாடின காலம். ஆளில்லாத ஓல்ட் ட்ரபர்ட் மைதானத்துக்குள்ள ஆள் பூந்து, லிவர்பூலோட இருந்த ஆட்டம் நிண்டு போச்சு. தேர் நிண்டிட்டுது, பாத்தியளோ! ஆனால் பதினொரு நாளால அதே ஆட்டத்தைத் திருப்பி வைச்சாங்கள். 4-2 எண்டு உங்கடை ஆக்கள் தோத்தாங்கள். முதலாளி அமெரிக்காவிலை, அடி விழுந்தது மன்செஸ்டரிலை.

பிறகு 2024 இல ஜிம் ராட்கிளிஃப் எண்ட உள்ளூர்ப் பணக்காரன் நாலில ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட வாங்கி நிர்வாகத்துக்கை வந்தான். "நம்மடை ஆள் வந்திட்டான்" எண்டு நீங்கள் இந்த வீட்டில கேக் வெட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. நம்மடை ஆள் என்ன செய்தான்? அடுத்த பருவத்தின்ரை நடுவிலை, மிச்சம் இருந்த அங்கத்தவர் டிக்கெட்டுக்கு 66 பவுண் எண்டு விலை வைச்சான். சின்னப் பிள்ளைக்கும் கழிவு இல்லை, கிழவருக்கும் கழிவு இல்லை. கிழவருக்குக் கழிவு இல்லை எண்டு கேட்ட அண்டைக்குத்தான் நானும் உங்கடை போராட்டத்தில சேர்ந்தனான். 2025 மார்ச்சில ஆர்சனல் ஆட்டத்துக்குக் கறுப்பு உடுத்திக்கொண்டு ஊர்வலம் போச்சினம். செத்தவீட்டு ஊர்வலம். ஊர்வலம் முடிய டிக்கெட்டைக் காட்டி உள்ளுக்கையும் போச்சினம்.

அது கிடக்கட்டும். உங்களுக்குக் கலைக்கிறதுக்கு ஆள் வேணுமெண்டால் ஏன் அவ்வளவு தூரம்? இஞ்சை மெயிற்லண்ட் பிளேசில கிரிக்கெட் சபை இருக்கெல்லே.

2023 செப்டெம்பர் 17, இந்தியாவோட ஆசியக் கிண்ண இறுதி. கொட்டாஞ்சேனைக்குக் கிட்ட இருக்கிற பிரேமதாச மைதானத்தில எங்கடை ஆக்கள் 50 ஓட்டம். காசு குடுத்துப் போன சனம் இருக்கையைத் துடைச்சு இருக்க முதல் எழும்ப வேண்டி வந்திட்டுது. நவம்பர் 2, உலகக் கிண்ணம், மும்பை, அதே இந்தியா. அண்டைக்கு 55. முன்னேற்றம் எண்டு சொல்லலாம். சனம் போய் சபை வாசலில நிண்டு கத்திச்சுது, பொலிஸ் வந்து வாசலைக் காத்துது. பிறகு நடந்தது கூத்து. நவம்பர் 6, விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க சபையைக் கலைச்சு, அர்ஜுன ரணதுங்கவை இடைக்காலக் குழுவுக்குத் தலைவராய்ப் போட்டார். அடுத்த நாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் பழைய சபையைத் திருப்பிக் கதிரையில இருத்திச்சுது. 9 ஆம் திகதி பாராளுமன்றத்தில ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒண்டாய்ச் சேர்ந்து சபை போக வேணும் எண்டு தீர்மானம் போட்டுது. இந்த நாட்டில ரெண்டு பக்கமும் ஒத்துப்போன விசயங்களை எண்ண ஒரு கை விரல் காணும், அதில உது ஒண்டு. அடுத்த நாள் ஐ.சி.சி. இலங்கையை இடைநிறுத்திச்சுது, அரசாங்கம் கை வைச்சிட்டுதாம். இஞ்சை நடக்க இருந்த 19 வயசுப் பெடியளின்ரை உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போச்சு. 27 ஆம் திகதி கலைபட்டது ஆர்? அமைச்சர்! ஜனாதிபதி அவரைத்தான் வீட்டை அனுப்பினார். 2024 ஜனவரியில தடை நீங்கிச்சுது. 2025 மார்ச்சில, அமைச்சர் கலைச்ச அதே சபையின்ரை தலைவர் ஷம்மி சில்வா திரும்பவும் தலைவர், போட்டியே இல்லாமல்.

வாசலில பதாகை பிடிச்ச அவ்வளவு பேரிலையும் எத்தினை பேருக்கு அந்தச் சபைத் தேர்தலில வாக்கு இருந்தது? வாக்கு கழகங்களின்ரையும் சங்கங்களின்ரையும் கையில. கழகத்துக்காரன் வாசலுக்கு வரேல்லை. அவனுக்கு உள்ளுக்கை கதிரை இருக்கு, வெயிலில நிக்கிறதுக்கு அவனென்ன விசரனே?

உதைபந்து பற்றிக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அதே 2023 ஜனவரியில எங்கடை சம்மேளனத்தை பீபா இடைநிறுத்திச்சுது. தேர்தலுக்குள்ள வெளியார் கை பூந்திட்டுதாம். ஓகஸ்ட் கடைசி மட்டும் தடை. அந்த வருசம் பெங்களூரில நடந்த தெற்காசியப் போட்டியில எங்களை விட்டுப்போட்டு, குவைத்தையும் லெபனானையும் வெத்திலை வைச்சுக் கூப்பிட்டாங்கள். 1995 இல இதே கிண்ணத்தை இதே கொழும்பில, சுகததாச மைதானத்தில, இந்தியாவை மேலதிக நேரத்தில ஒரு கோலால விழுத்தி எடுத்த நாடு. சுகததாச எங்கை இருக்கு? கொட்டாஞ்சேனைத் தம்பி, உன்ரை வீட்டில இருந்து நடந்து போகலாம். அந்த ஏழு மாசமும் நீ "வெளியேறு" எண்டு ஆரையாவது பாத்துக் கத்தினனியோ? கத்தினனி. கிளேசரைப் பாத்து.

கோவிக்காதை. பகிடிக்குச் சொன்னாலும் விசயம் இருக்கு. எங்கையெல்லாம் முதலாளிமார் கொஞ்சம் இறங்கி வந்தவை எண்டு பாருங்கோ. ஜேர்மனியில ஒண்டு ரெண்டு கழகம் தவிர, வாக்கில பாதிக்கு மேல அங்கத்தவர் கையில இருக்க வேணும் எண்டு விதி. அங்கை லீக்கின்ரை ஒளிபரப்பு வருமானத்தில ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விக்கப் பாத்தினம். சனம் மைதானத்துக்குள்ள ரெனிஸ் பந்தையும் சொக்கிலேற் காசையும் கிழமைக்குக் கிழமை எறிஞ்சு ஆட்டத்தை நிப்பாட்டிச்சுது. 2024 பெப்ரவரியில அந்தப் பேச்சைக் கைவிட்டுட்டினம். சொக்கிலேற்றை எறியிற அளவுக்குக் குடுத்துவைச்ச சனம். எறிஞ்ச கைக்குப் பின்னால வாக்கும் இருந்தது எண்டதை மறக்காதையுங்கோ. கொச்சியில கேரளா பிளாஸ்டர்ஸ் கழகத்துக்கு மஞ்சப்படை எண்டு ஒரு பெரும் படை. அவங்களும் 2024 டிசெம்பரில, நிர்வாகத்திட்டை டிக்கெட் வாங்கி வித்துக் குடுக்கிற வேலையை இனிச் செய்யிறேல்லை எண்டு கையை விரிச்சாங்கள். அதுகும் ஒரு கெட்டித்தனம்தான். உண்டியலை மட்டும் பாத்துக்கொண்டு கடந்து போறது.

உங்களுக்கு நான் சொல்லுறது லேசான வேலை. ஜாவா லேன், சோண்டர்ஸ், றினோன் எண்டு கொழும்பில பழைய உதைபந்துக் கழகங்கள் இருக்கு. கழகத்துக்கு லீக்கில வாக்கு, லீக்குக்குச் சம்மேளனத்தில வாக்கு. ஏதாவது ஒண்டில போய் அங்கத்தவனாய்ச் சேருங்கோ. சண்டை பிடிக்க வேண்டாம், பதாகை வேண்டாம். வருசத்தில ஒருக்கா பொதுக்கூட்டம் வைப்பாங்கள், அதுக்குப் போங்கோ. பிளேன்ரீயும் பட்டிசும் தருவாங்கள். பட்டிசைத் திண்டிட்டு எழும்பி வாறதுதான் ஊர் வழக்கம், நானும் கனகாலம் அப்பிடித்தான். நீங்கள் பட்டிசைத் திண்டுகொண்டே கணக்கறிக்கையை முதல் பக்கத்தில இருந்து வாசியுங்கோ. "இதர செலவு" எண்டு ஒரு வரி எங்கையாவது இருக்கும். அதில விரலை வைச்சு, மரியாதையாய், "ஐயா, இது என்ன?" எண்டு ஒரு கேள்வி. அடுத்த வருசமும் வந்து அதே கேள்வி. மூண்டாம் வருசம் உங்களையே பொருளாளராய்ப் போடப் பாப்பாங்கள், வாயை அடைக்க. கவனம், அந்தக் கதிரையில மெத்தை இருக்கும்.

என்ன முகத்தைச் சுளிக்கிறியள்? பிரீமியர் லீக் மாதிரி இராதுதான். சுகததாசவில ஓட்டப் பாதைக்கு அங்கால இருந்து பந்தைத் தேடிப் பாக்க வேணும், பக்கத்தில இருக்கிறவன் கடலைக் கோதை உங்கடை காலடியில போடுவான். எண்டாலும் அங்கை நீங்கள் கத்தினால் விளையாடுறவன் திரும்பிப் பாப்பான்.

நாளைக்குப் போய்ச் சந்தா எவ்வளவு எண்டு விசாரிச்சுக்கொண்டு வாங்கோ. முதல் வருசக் காசு ரெண்டு பேருக்கும் நான் தாறன், பஸ் காசு உங்கடை. கூட்டம் நடக்கிற அண்டைக்கு எனக்கும் ஒரு பட்டிஸ் கடுதாசியில சுத்தி எடுத்து வரவேணும். மீன் பட்டிஸ். மரக்கறி எண்டால் வேண்டாம்.